டிஷ்யூ பாக்கெட்டுக்கு எவ்வளவு நேரம் மரியாதை?

கேள்வி இதுதான். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து ஆறு வாரம் ஆன ஒருவர், மதியம் தஞ்சோங் பகார் பக்கம் ஓர் உணவங்காடி நிலையத்தில் (ஹாக்கர் சென்டர்) தட்டோடு இடம் தேடி அலைந்திருக்கிறார். ஒரு மேசையில் ஆளே இல்லை, பிரிக்காத டிஷ்யூ பாக்கெட் ஒன்று மட்டும் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பாதிச் சாப்பாட்டில் ஓர் அம்மா சூப் கிண்ணத்தோடு வந்து நின்று, சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டிருக்கிறார். "நான் செய்தது தப்பா? ரெண்டு காசு டிஷ்யூவுக்கு எப்படி ஒரு மேசை சொந்தமாகும்? காப்பிக்கடையிலும் இதே கதைதானா? லேப்டாப்போடு உட்கார்ந்தால் என்ன சொல்வார்கள்?"

பாதித் தப்பு. மேசையில் உட்கார்ந்தது தப்பில்லை, பாக்கெட்டைத் தள்ளி வைத்ததுதான் தப்பு. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நான் இங்கே வந்து 19 வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரம் என்னோடு வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் "யூ கோ அண்ட் சோப்" என்றார். நான் கை கழுவச் சொல்கிறார் என்று நினைத்து நேராகக் குழாயடிக்குப் போய்விட்டேன். அவர் சொன்னது குளிக்கிற சோப்பு இல்லை. இடம் பிடித்து வைப்பதற்கு இங்கே 'சோப்' என்று பெயர். முத்திரையைக் குறிக்கும் 'சாப்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மலாயிலும் அது இருக்கிறது, இந்தியில் 'சாப்' என்றால் அச்சு, முத்திரை. நம் ஊரில் பெரியவர்கள் 'சாப்பா குத்துவது' என்பார்களே, அதுவும் இதே குடும்பம்தான். ஆக, மேசையில் கிடந்த அந்த டிஷ்யூ ஒரு சாப்பா.

இன்னும் எளிதாக வேண்டுமா? துண்டு போடுவது. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ உள்ளே எறிந்துவிட்டு, அப்புறம் நிதானமாகப் படியேறி வந்து "சார், இது நம்ம எடம்" என்று சொன்னவர்கள்தானே நாம். அந்தத் துண்டை யாராவது எடுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த அம்மாவின் கோபமும் அதே கோபம்தான், பாஷை மட்டும் வேறு.

ஆனால் நம் ஊர் ஹோட்டலில் யாரும் துண்டு போடுவதில்லை, பஸ்ஸில்தான் போடுகிறோம். காரணம் இருக்கிறது. அங்கே முதலில் உட்காருகிறோம், அப்புறம் சர்வர் வருகிறார், இலை வருகிறது, சாப்பாடு வருகிறது. இடம் இல்லையென்றால் நம் கையில் எதுவும் இருக்காது, வெறுங்கையோடு நிற்கலாம். அதனால் நாம் கண்டுபிடித்த முறை, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது. ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோர் ஊற்றியாகிவிட்டதா என்று அவர் இலையையே பார்த்துக்கொண்டு நிற்போம். சாப்பிடுகிறவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்பது வேறு விஷயம்.

சிங்கப்பூரில் வரிசை தலைகீழ். உணவங்காடி நிலையத்தில் சமைக்கிறவர் வேறு, மேசை வேறு. கடை ரொம்பச் சின்னது. நீங்களே வரிசையில் நின்று, காசு கொடுத்து, கொதிக்கிற நூடுல்ஸை தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வந்த பிறகு இடம் இல்லையென்றால், ஒரு கையில் சூடான சூப், இன்னொரு கையில் காப்பி, தோளில் பை, உட்காரவும் முடியாது, கீழே வைக்கவும் முடியாது. இன்னொன்று, பெரும்பாலான இடங்களில் ஸ்டூல்கள் தரையோடு சேர்த்துத் திருகி இறுக்கப்பட்டவை. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க, ஒரு சேர் இழுத்துப் போட்டுக்கிறேன்" என்ற நம் ஊர் சமாளிப்பு இங்கே நடக்காது. நாலு என்றால் நாலுதான். அதனால்தான் இடம் முதலில், சாப்பாடு பிறகு என்ற பழக்கம் வந்தது. அதற்கு டிஷ்யூவைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. இந்தக் கடைகளில் கை துடைக்கக் காகிதம் கொடுக்கும் வழக்கம் இல்லை, எல்லார் பையிலும் ஒரு பாக்கெட் இருக்கும், காணாமல் போனாலும் யாரும் அழப் போவதில்லை. குடை வைப்பார்கள், அலுவலக அடையாள அட்டை வைப்பார்கள், சில மகானுபாவர்கள் செல்போனையே வைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், ஊர் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? டிஷ்யூவுக்கு எந்தச் சட்டத்திலும் இடம் இல்லை. மேசை பொதுச் சொத்து, முன்பதிவு என்று ஒன்றே கிடையாது. "இது என் மேசை" என்று அந்த அம்மா சொன்னது வழக்கம், உரிமை இல்லை. அதே சமயம், உரிமை இல்லை என்பதால் எடுத்துப் போட்டுவிடலாம் என்றும் ஆகாது. இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு 2017 ஏப்ரலில் தோ பாயோவில் நடந்ததே போதும். மேசை யாருடையது என்ற பேச்சில் ஒரு தம்பதிக்கும் ஒரு முதியவருக்கும் தகராறு, முதியவரைத் தள்ளிவிட்ட காட்சி காணொளியாக ஊர் முழுக்கச் சுற்றியது, போலீஸ், நீதிமன்றம் வரை போனது. ஒரு வேளைச் சாப்பாட்டு மேசைக்கு.

என் கணக்கு இது. டிஷ்யூ பிடித்து வைத்திருப்பது மேசையை அல்ல, ஒருவர் வரிசையில் நிற்கும் நேரத்தை. பத்து நிமிஷம், நீளமான வரிசை என்றால் பதினைந்து. அதற்கு மேல் அந்த பாக்கெட்டுக்கு மரியாதை தர வேண்டிய அவசியம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதேபோல ஒரு பாக்கெட் ஓர் ஆளுக்கு. ஸ்டூல் மேலோ ஸ்டூலுக்கு நேராக மேசை விளிம்பிலோ இருந்தால் அந்த ஒரு இடம். நாலு பேர் மேசையின் நட்டநடுவில் ஒரே ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிற ஆளின் ஆசையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மூன்று நண்பர்கள் எம்ஆர்டி ரயிலில் இன்னும் வந்துகொண்டிருப்பார்கள், இங்கே தட்டோடு நாலு பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

அதனால் நீங்கள் செய்திருக்க வேண்டியது: பாக்கெட்டைத் தொடாமல், அதற்கு எதிர்ப்பக்கம் மூலையில் உட்கார்ந்திருக்கலாம். ஆள் வந்ததும் லேசாக நிமிர்ந்து "கேன் ஷேர்?" என்று கேட்டால் நூற்றுக்கு தொண்ணூறு பேர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். அவர் குடும்பத்தோடு வந்திருந்தால் எழுந்து இடம் கொடுத்துவிடலாம், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. பாக்கெட்டை நகர்த்தும்போது மட்டும்தான் விஷயம் இடத்தைத் தாண்டி மானப் பிரச்சினையாக மாறுகிறது. துண்டை எடுத்து எறிந்த மாதிரி.

முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்வது இங்கே அநாகரிகம் இல்லை, அதுதான் இந்த இடங்களின் அடிப்படை. 1960களின் கடைசியில் அரசாங்கம் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தபோது சுமார் 18,000 பேர் இருந்தார்கள். 1970களிலும் 80களின் நடுப்பகுதி வரையிலும் அவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்க் குழாய், சாக்கடை வசதியோடு கட்டிய நிலையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். தெருவில் ஒரு வண்டியைச் சுற்றி ஸ்டூல் போட்டு யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் சாப்பிட்ட பழக்கம் கூரைக்குக் கீழே வந்தது, அவ்வளவுதான். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தபோதும் அதன் பெயரிலேயே சமூகமாகச் சேர்ந்து உண்பது என்று இருந்தது. அதே வருஷம்தான் கோவிட்டினால் ஸ்டூல்களில் எல்லாம் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். அது எடுக்கப்பட்ட பிறகும் ரொம்ப நாள் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால் உடம்பு தானாகப் பின்வாங்கும், இப்போதுதான் சரியாகியிருக்கிறது.

பகிர்வதில் நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சைவம், எதிரே இருப்பவர் பன்றி எலும்புச் சூப் குடித்துக்கொண்டிருப்பார். மூக்கைச் சுளிப்பதாக இருந்தால் அந்த மேசைக்கே போகாதீர்கள். உட்கார்ந்த பிறகு முகம் காட்டுவதுதான் மரியாதைக் குறைவு. அதேபோல உங்கள் தட்டில் பன்றி இறைச்சி இருந்து, மேசையில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது, முடியாவிட்டால் கேட்டுவிட்டு உட்காருங்கள். பெரும்பாலும் "பரவாயில்லை" என்பார்கள். கேட்டோம் என்பதுதான் அங்கே முக்கியம்.

இப்போது காப்பிக்கடை. வீவக (அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பித்தியாம் பார்ப்பதற்கு உணவங்காடி நிலையம் மாதிரியே இருக்கும், ஆனால் அது தனியார் இடம். ஒருவர் கடையை எடுத்து, உள்ளே சின்னச் சின்ன உணவுக் கடைகளை வாடகைக்கு விட்டுவிட்டு, பானக் கடையைப் பெரும்பாலும் தானே வைத்துக்கொள்வார். அவருடைய வருமானத்தில் காப்பி, தேநீர், பீருக்கு முக்கியமான பங்கு உண்டு. அதனால்தான் நீங்கள் உட்கார்ந்த உடனே பானக்கடை ஆள் வந்து "ட்ரிங்க்?" என்று நிற்கிறார். உணவங்காடி நிலையத்தில் வெறுமனே சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம், காப்பிக்கடையில் கூட்ட நேரத்தில் பால் இல்லாத ஒரு 'காப்பி ஓ'வாவது வாங்கிக்கொள்வது நாகரிகம். வாசலில் வாங்கிய பபிள் டீயை அவர் மேசையில் வைத்துக்கொண்டு அவரையே முறைத்துப் பார்ப்பது, சொல்லவே வேண்டாம், பல கடைகளில் வெளிப் பானம் கூடாது என்று எழுதியே போட்டிருப்பார்கள்.

காப்பிக்கடையில் டிஷ்யூவைவிட நல்ல வழி உண்டு. மேசைகளில் எண் ஒட்டியிருக்கும் கடை என்றால், ஒருவர் உட்கார்ந்துகொள்ளட்டும், மற்றவர் போய் எண்ணைச் சொல்லி வாங்கட்டும். சில கடைகள் மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள். தனியாகப் போனால் பானக்கடை அங்கிளிடம் முதலில் காப்பி சொல்லிவிடுங்கள். ஆவி பறக்கும் கோப்பை ஒன்று மேசையில் இருந்தால் அது நூறு டிஷ்யூவுக்குச் சமம், அதை யாரும் நகர்த்த மாட்டார்கள்.

எவ்வளவு நேரம் உட்காரலாம்? காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். அதே வயதான ஆட்கள், அதே மேசை, ஒரு காப்பி, ஒரு சீன நாளிதழ், இரண்டு மணி நேரம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு அவர்களுக்கு அதுதான் திண்ணை. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் வரத் தொடங்கியதும் அவர்களே மெதுவாக எழுந்துவிடுவார்கள். நானும் கவனித்திருக்கிறேன், யாரும் துரத்தாமலே நடக்கும். இளவட்டங்கள்தான் சாப்பிட்டு முடித்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார்கள், சுற்றி ஆட்கள் நிற்பது கண்ணிலேயே படாது. டிஷ்யூவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, என்னைக் கேட்டால் அதைவிட இது பெரிய குற்றம். டிஷ்யூ வைத்தவர் சாப்பிடத்தான் வைத்தார், இவர் சாப்பிட்டு முடித்துவிட்டார்.

லேப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். காப்பிக்கடையில் திறக்காதீர்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு, சிட்டுக்குருவி, மைனா, பக்கத்து மேசையின் மிளகாய்ச் சாறு, எல்லாம் உங்கள் கீபோர்டில்தான் இறங்கும். குளிர்சாதன கஃபே வேறு உலகம். அங்கே ஏழெட்டு வெள்ளி கொடுத்துக் காப்பி வாங்குகிறோம், அந்த விலையில் நாற்காலியின் வாடகையும் சேர்ந்துதான் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வாடகைக்கு ஒரு எல்லை உண்டு. பரீட்சை நேரத்தில் மாணவர்கள் ஒரு கோப்பையோடு நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவதால் சில கடைகள் கூட்ட நேரத்தில் படிக்கக் கூடாது என்று அறிவிப்பு வைக்கின்றன. பிள்ளைகள் அப்புறம் சாங்கி விமான நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள், அங்கே ஒவ்வொரு மூலையிலும் ஒரு கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம். தென்கொரியாவில் கஃபேயில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு 'காகோங்ஜோக்' என்று தனிப் பெயரே உண்டு. மேசைக் கணினி, பிரிண்டர், தடுப்புப் பலகை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்து கடை போட ஆரம்பித்ததால் 2025 ஆகஸ்டில் அங்கே ஸ்டார்பக்ஸ் இவற்றைக் கொண்டுவரக் கூடாது என்று அறிவித்தது. பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு காப்பி குடிக்கப் போன மனிதரை நேரில் பார்க்க எனக்கு ஆசை.

நானும் யோக்கியன் இல்லை. வேலை மாறிய புதிதில் ஒரு கஃபேயில் நாலு பேர் மேசையில் தனியாக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு சின்னக் காப்பி, அதுவும் ஆறிப்போய் அடியில் கொஞ்சம் வைத்திருந்தேன், காலியாகத் தெரியக் கூடாது என்பதற்காக. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இரண்டு முறை அந்த வழியாகப் போனார். மூன்றாவது முறை போகும்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து, சுவரோரம் இருந்த ஒற்றை ஸ்டூலுக்கு மாறினேன். அதற்கப்புறம் என் பழக்கம், தனியாகப் போனால் சின்ன மேசை, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இன்னொன்று வாங்குவது, மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை லேப்டாப்பைத் திறப்பதே இல்லை. கழிவறைக்குப் போகும்போது பொருளை மேசையில் விட்டுவிட்டுப் போகலாம், பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. சாப்பாட்டுக்கு வெளியே போய்விட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து "இது என் இடம்" என்பதெல்லாம் அக்கிரமம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள், இது வழக்கம் இல்லை, சட்டம். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களிலும், 2022 ஜனவரி 1 முதல் காப்பிக்கடைகளிலும் உணவுக் கூடங்களிலும் தேசியச் சுற்றுப்புற வாரியம் இதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறது. முதல் முறை எழுத்துமூலம் எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி, அதற்கு மேல் நீதிமன்றம். பயன்படுத்திய டிஷ்யூவையும் மேசையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. முன்பெல்லாம் அழுக்குத் தட்டு கிடக்கிற மேசையில் உட்காரலாமா, ஆள் திரும்பி வருவாரா என்று தெரியாமல் நிற்போம், புறா வந்து முடித்து வைக்கும். இப்போது அந்தக் குழப்பம் இல்லை, மேசை காலியாக இருந்தால் காலிதான், டிஷ்யூ இருந்தால் ஆள் வரிசையில் நிற்கிறார். ஹலால் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்கு இருக்கும், பலகையைப் படித்துவிட்டு வையுங்கள். அவசரத்தில் மாற்றி வைப்பவர்கள் நிறையப் பேர், அதைப் பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்கு மட்டும் இதில் எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சிராங்கூன் சாலைப் பக்கம் கூட்டம் கூட்டமாக நம் ஆட்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் பிரியாணிக் கடைக்கு முன்னால் டிஷ்யூ வைத்தால், அதை எடுத்துக் கை துடைத்துவிட்டு "தேங்க்ஸ் அண்ணே" என்பார்கள், எனக்கே நடந்திருக்கிறது. அங்கே நம் ஊர் முறைதான் செல்லும்: தட்டில் எவ்வளவு சோறு மிச்சம் என்று பார்த்து, பின்னால் போய் நின்று, "முடிஞ்சுதாண்ணே?" என்று கேட்பது. அவரும் கோபப்பட மாட்டார், கடைசி வாயை மென்றுகொண்டே நகர்ந்து கொடுப்பார்.

மற்றபடி உங்கள் அலுவலகம் தஞ்சோங் பகார் பக்கம் என்கிறீர்கள். மேக்ஸ்வெல், அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையங்கள் எல்லாம் நடக்கும் தூரம்தான். பதினொன்றரைக்கே கீழே இறங்க முடிந்தால் இறங்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒன்றரைக்கு மேல் போங்கள், அதற்குள் சில கடைகளில் நல்ல அயிட்டம் தீர்ந்திருக்கும். பன்னிரண்டேகாலுக்குத்தான் போக முடியும் என்றால் பையில் இரண்டு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வைக்க, ஒன்று துடைக்க.